எண்ணூர் கழுவெளியைப் பழைய வரைபடங்களில் தேட: எந்தச் சேவை எதற்கு உதவும், எங்கே காலை வாரும்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் தொடங்கி, வடக்கே காட்டுப்பள்ளி வரையிலும், மேற்கே அத்திப்பட்டு, வல்லூர், மணலி புதுநகர் ஓரம் வரையிலும் ஒரு காலத்தில் உப்பங்கழியும் சேற்று நிலமும் உப்பளமும் ஒன்றோடொன்று பின்னிக் கழுவெளியாகக் கிடந்தன. அதில் எது எப்போது மேடானது என்று வரைந்து காட்ட விரும்பும் மாணவர்கள், மீனவ கிராமத்து இளைஞர்கள், வழக்கறிஞர்கள் பலரும் கூகுள் எர்த்தைத் திறந்து, காலத்தைப் பின்னுக்கு நகர்த்தி, இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதிர்த்தரப்புப் பொறியாளர் எழுந்து, "முதல் படம் மழைக்காலம், இரண்டாவது கோடை" என்று ஒரு வரி சொன்னால் அத்தனை உழைப்பும் அங்கேயே முடிந்துபோகும். இன்று இலவசமாகவோ குறைந்த செலவிலோ கிடைக்கும் வரைபடச் சேவைகளையும் மென்பொருளையும் எண்ணூரை வைத்தே எடைபோட்ட விமர்சனம் இது.

எடைபோட எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். சதுப்பின் ஓரம் எங்கே இருந்தது என்று இந்தச் சேவை சொல்லுமா? ஆற்றின் நடுக்கோட்டை எந்த வரைபடமும் காட்டிவிடும். சண்டை எல்லாம் ஓரத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், சித்திரையில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும் அந்தப் பட்டையில்தான் சாம்பல் குளமும் நிலக்கரிக் கிடங்கும் சாலையும் ஏறின. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். அஷ்டமி, நவமியில் அதில் பாதியும் இருக்காது. ஆனால் தரை தட்டையாகக் கிடக்கும் கழுவெளியில் அரை மீட்டர் தண்ணீர் ஏறினால் ஓரம் நூறு மீட்டருக்கு மேலும் நகரும். போதாக்குறைக்கு, ஆற்றில் வரத்து குறையும் கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல் ஏற்றமே உள்ளே வராது. ஆகவே எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த மாதம், எந்தத் திதி என்பதை. வெறும் ஆண்டு மட்டும் எழுதிய படத்தை ஓரத்துக்குச் சாட்சியாக வைக்க முடியாது.

சர்வே ஆஃப் இந்தியா தாள்கள்: எலும்புக்கூடு இதுதான்

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள். அத்துறையின் இணையத்தளத்தில் பதிவு செய்துகொண்டு இன்றைய வரிசைத் தாள்களை பிடிஎஃப் ஆக இறக்கலாம். பழைய ஓரங்குல வரைபடங்கள், அதாவது 1 அங்குலத்துக்கு 1 மைல், 1:63,360 அளவில் உள்ளவை, நூலகங்களிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டியவை.

எண்ணூருக்கு என்று ஒரு தனித் தொல்லை உண்டு. பழைய எண் முறையில் ஒவ்வொரு தாளும் 15 நிமிட (கால் பாகை) அட்சம், 15 நிமிட தீர்க்கம். தாள்களின் எல்லைக்கோடு 13°15' வடக்கிலும் 80°15' கிழக்கிலும் ஓடுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் மூலை மீஞ்சூருக்குத் தெற்கே, கழுவெளிக்குப் பக்கத்தில் விழுகிறது. முகத்துவாரமும் கத்திவாக்கமும் 66 சி/8 தாளின் மேல் விளிம்பில் இருக்கும். காட்டுப்பள்ளி 66 சி/7-ல். மேற்கே ஆறு வரும் பக்கம் 66 சி/3, சி/4. ஒரு தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு "வரைபடத்தில் கழுவெளி இங்கேயே முடிகிறது" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. முடிவது தாள்தான். நான்கையும் வாங்குங்கள். நான்கும் ஒரே ஆண்டில் அளந்தவை என்றும் நினைக்க வேண்டாம். தாளின் ஓரக் குறிப்பில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றும் தனித்தனியாக இருக்கும். மேற்கோள் காட்ட வேண்டியது அளந்த ஆண்டு. அச்சு ஆண்டை எழுதினால் பல ஆண்டு தவறிப்போகும்.

இத்தாள்களின் பெரிய பலம், மனிதர்கள் தரையில் நடந்து பார்த்து வகை பிரித்திருப்பது. சேற்றுத் திட்டு, புல் முளைத்த சதுப்பு, உப்பளம், வெள்ளம் ஏறும் நிலம் எல்லாம் வெவ்வேறு குறியீடு. செயற்கைக்கோள் படத்தில் இந்தப் பிரிவை நாம் ஊகிக்க வேண்டியிருக்கும். இங்கே அது அச்சில் இருக்கிறது. பலவீனம் அளவு. 1:50,000-ல் 1 மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். கோட்டின் தடிமனே 10 முதல் 15 மீட்டரை விழுங்கிவிடும். 25 மீட்டருக்குக் குறைவான எந்த மாற்றத்தையும் இத்தாளை வைத்துப் பேசாதீர்கள். கால் அங்குல வரைபடம் என்றால், அது 1:253,440. அங்கே 1 மில்லிமீட்டர் கால் கிலோமீட்டர். கழுவெளி இருந்தது என்று காட்ட அது உதவும், ஓரத்தைக் காட்ட உதவாது.

200 மீட்டர் தவறு எங்கிருந்து வருகிறது

பழைய தாளைக் கணினியில் இடம்பொருத்தும்போது, அதாவது படத்தின் புள்ளிகளைத் தரையில் அவை இருக்கும் இடத்தோடு இணைக்கும்போது, பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 1802-ல் லாம்டன் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்த பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ்ஸும் கூகுளும் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. தாளின் நான்கு மூலைகளில் அச்சிட்டுள்ள அட்ச, தீர்க்க எண்களை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால், சென்னைப் பகுதியில் முழுத் தாளும் சுமார் 150 மீட்டர் கிழக்கேயும் ஏறக்குறைய அதே அளவு தெற்கேயும் தள்ளி, மொத்தத்தில் 200 மீட்டருக்கு மேல் விலகி உட்காரும்.

கிழக்கே தள்ளுவது என்றால் என்ன ஆகும்? பழைய கடற்கரைக் கோடு இன்றைய கடலுக்குள் போய் விழும். பார்ப்பவர், "கடல் 150 மீட்டர் ஊரைத் தின்றுவிட்டது" என்று அறிக்கை எழுதிவிடுவார். வடசென்னையில் கடலரிப்பு உண்மையாகவே நடந்திருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. பிழையில்லாமல் செய்ய, மூலை எண்களைக் கொடுக்கும்போது, ஆயத்தொலை முறைகளுக்கு எண் தரும் இபிஎஸ்ஜி பட்டியலில் 4146, அதாவது கல்யாண்பூர் 1975, என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு இபிஎஸ்ஜி 32644-க்கு, அதாவது மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு, மாற்ற வேண்டும். மாற்றும்போது மென்பொருள் எந்த உருமாற்றம் என்று கேட்டால் 295, 736, 257 என்ற எண்கள் உள்ளதை எடுங்கள். புதிய திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-லேயே வருகின்றன. அவற்றுக்கு இந்தச் சுற்று வேண்டாம். எது எது என்று தாளின் கீழ்க் குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

19-ஆம் நூற்றாண்டுத் தாள்களில் இன்னொன்றும் உண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தீர்க்கத்தை அன்று கணக்கிட்டதில் இருந்த பிசகால், அவற்றில் தீர்க்க எண்கள் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கூடுதலாக இருக்கும். தரையில் அது 4 கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் காலத்துத் தாள்களுக்கு மூலை எண்களை நம்பாமல், தரையில் இன்றும் உள்ள புள்ளிகளை வைத்தே பொருத்துங்கள்.

எந்தப் புள்ளிகள்? கடற்கரை வளைவை ஒருபோதும் எடுக்காதீர்கள். சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பின் வடக்கு நோக்கிப் போகும் மணல் தெற்கே தங்கி மெரினா அகன்றது. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை தேய்ந்தது. முகத்துவாரமோ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். நகராதவை: திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் குளத்தின் மூலைகள், பழைய கிராமக் குளக்கரைகள், சாலைச் சந்திப்புகள், கூடூர் ரயில் பாதையின் பாலங்களும் அது சாலையைக் கடக்கும் இடங்களும். ரயில் பாதை 1899-க்குப் பிந்தைய தாள்களில்தான் இருக்கும். பக்கிங்காம் கால்வாய் இன்னும் பழையது. 1806-ல் கொக்ரேன் கால்வாய் என்று சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது, 1877-78 தாதுவருடப் பஞ்ச நிவாரண வேலைகளுக்குப் பின் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. அதன் நேர்கோடு, பொருத்தம் சரியாக இருக்கிறதா என்று பிறகு பார்க்க அருமையான சாட்சி. கட்டுப்பாட்டுப் புள்ளியாக மட்டும் வேண்டாம். கரைகள் இடிந்தும் சேறு தள்ளியும் பல இடங்களில் அகலம் மாறியிருக்கிறது.

எர்த் எக்ஸ்ப்ளோரரில் கொரோனா படங்கள்: இருப்பதிலேயே உயர்ந்த சரக்கு

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்துக்கு நம் முழு மதிப்பெண்ணும் போகும். காரணம், 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, 1995-ல் இரகசியம் நீக்கப்பட்ட கொரோனா படச்சுருள்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969. எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1970. வடசென்னை அனல் மின் நிலையம் 1994. எண்ணூர்த் துறைமுகம் 2001. அறுபதுகளின் ஒரு தெளிவான கொரோனா படம் கிடைத்தால், இவை எதுவும் வருவதற்கு முந்தைய கழுவெளி அப்படியே நம் முன்னால் விரியும். 1967-க்குப் பின் பறந்த கேஹெச்-4பி வகையில் தரைத் தெளிவு ஏறத்தாழ 1.8 மீட்டர். உப்பளப் பாத்தியின் வரப்புகூடத் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் முந்தைய வகைகள் அவ்வளவு கூர்மையானவை அல்ல. பட்டியலில் கேமரா வகையைப் பார்த்து எடுங்கள்.

எடுக்கும் முறை: கணக்குத் தொடங்கி, தேடல் இடமாக 13.23, 80.32 என்று கொடுங்கள். தரவுத்தொகுப்புப் பகுதியில் இரகசியம் நீக்கியவை என்ற தலைப்பின் கீழ் முதல் தொகுப்பு கொரோனா. கூடுதல் வடிகட்டியில், இறக்கிக்கொள்ளத் தயாராக உள்ளவை என்பதை மட்டும் தேர்ந்தால் ஏற்கெனவே வருடியவை (ஸ்கேன் செய்தவை) வரும், அவை இலவசம். மற்றவற்றுக்கு ஒரு படச் சட்டத்துக்கு (ஃபிரேம்) 30 டாலர் வருடல் கட்டணம். பணம் கட்டும் முன் முன்னோட்டத்தைப் பெரிதாக்கி மேகம் பாருங்கள். முழுச் சட்டம் தெளிவாக இருந்தும் எண்ணூர் மேல் மட்டும் ஒரு மேகத்துண்டு இருந்தால் காசு வீண். வங்கக்கடலோரத்தில் இது சகஜம்.

இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை. கேஹெச்-4பி படம் ஒவ்வொன்றும் தரையில் சுமார் 14 கிலோமீட்டர் அகலமும் 188 கிலோமீட்டர் நீளமும் கொண்ட ஒற்றைப் பட்டை. வருடியபோது நான்கு துண்டாக வெட்டியிருப்பார்கள். கேமரா பக்கவாட்டில் வீசி எடுத்ததால் பட்டையின் இரு முனைகளிலும் அளவு இழுபடும். சில படங்கள் தலைகீழாகவும் இருக்கும். முழுப் பட்டையையும் பொருத்த முயல்வது வீண் உழைப்பு. எண்ணூரைச் சுற்றி 15 கிலோமீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு, அதை மட்டும் பொருத்துங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இதற்கு ஏற்றது தின் பிளேட் ஸ்பிளைன் முறை. 25 முதல் 30 புள்ளிகள் வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்பிளைன் முறையில் கொடுத்த புள்ளிகளில் பிழை எப்போதும் பூஜ்ஜியம் என்றே வரும், ஏனென்றால் படத்தை அந்தப் புள்ளிகளுக்கு ரப்பர்போல இழுத்து ஒட்டவைப்பதுதான் அதன் வேலை. தவறாகக் குறித்த புள்ளியிலும் பூஜ்ஜியம்தான். எனவே ஐந்தாறு புள்ளிகளைப் பொருத்துவதற்குக் கொடுக்காமல் தனியே ஒதுக்கி, பொருத்திய பின் அவற்றில் எத்தனை மீட்டர் விலகல் என்று அளந்து, அந்த எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். அந்த எண் இல்லாத கொரோனா வரைபடத்தை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. இன்னொரு சிக்கல், கழுவெளிக்கு நடுவே நகராத புள்ளியே கிடைக்காது. புள்ளிகள் எல்லாம் திருவொற்றியூரிலும் மீஞ்சூரிலும் குவிந்தால் நடுப்பகுதி இஷ்டத்துக்கு வளையும். கால்வாய்க் கோடு நேராக வருகிறதா என்று பார்ப்பது இங்கேதான் கைகொடுக்கும்.

கறுப்பு வெள்ளையை வாசிப்பதற்கும் பழக்கம் வேண்டும். ஆழமான தண்ணீர் கறுப்பு. ஆனால் சூரியன் பளிச்சிட்ட கோணத்தில் அதே தண்ணீர் வெள்ளை. ஈரச் சேறும் கறுப்பாகவே வரும், தண்ணீர் என்று ஏமாற்றும். உப்பளம் வெள்ளை, சதுரச் சதுரமாக. கடற்கரை மணல்மேடு வெள்ளை, அதன் மேல் சவுக்குத் தோப்பு கறுப்புக் கட்டமாக. முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு கேமராக்களின் படமும் கிடைத்தால் இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். பளபளப்பு ஒன்றில் இருந்தால் மற்றதில் இருக்காது.

லேண்ட்சாட், சென்டினல்

அதே தளத்தில் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் 2008 முதல் இலவசம். சென்னைக்குப் பாதை 142, வரிசை 51. முதல் லேண்ட்சாட் 1972-ல் ஏறியது; அதன் படங்களில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) 60 மீட்டர், கழுவெளிக்கு மிகவும் முரடு. 1984-ல் வந்த லேண்ட்சாட் 5 முதல் 30 மீட்டர். ஒரு புள்ளி 900 சதுர மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். 10 மீட்டர் அகல ஓடை அதில் தெரியவே தெரியாது. ஓடை இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. படத்துக்கு அதைப் பார்க்கக் கண் இல்லை. 2003 மே 31-க்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் கறுப்புக் கோடு கோடாக இடைவெளி விழும், அவற்றைத் தவிர்த்துவிடலாம். 2015-க்குப் பின் என்றால் ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோளுக்கு மாறுங்கள், 10 மீட்டர்.

தண்ணீரைப் பிரிக்கப் பச்சை அலைவரிசையையும் குறுஅலை அகச்சிவப்பையும் எடுத்து, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கும் குறியீடு போதும்: லேண்ட்சாட் 5-ல் 2-ஆம், 5-ஆம் பட்டைகள், லேண்ட்சாட் 8-ல் 3, 6. கணினி தரும் விடையை அப்படியே அச்சிட்டால் எண்ணூரில் மூன்று இடங்களில் பொய் சொல்லும். சாம்பல் குளம், குறிப்பாகச் செப்பாக்கம் பக்கம், குழம்பு ஈரமாக இருக்கும்வரை தண்ணீர் என்றே விழும். அதாவது கழுவெளியை அழித்த இடமே கழுவெளியாகக் கணக்கில் சேரும். உப்பளத்தில் நீர் பாய்ச்சிய பருவத்தில் அதுவும் தண்ணீர். இறால் பண்ணைக் குட்டையும் அப்படியே. இந்த மூன்றையும் கையால் வரைந்து கழிக்காமல் "நீர்ப்பரப்பு கூடியிருக்கிறது" என்று எழுதிவைத்தால், அதைக் கழுவெளிக்கு எதிராகவே பயன்படுத்துவார்கள். பச்சைப் பரப்புக்கும் இதே எச்சரிக்கை. அலையாத்தியும் சீமைக் கருவேலமும் தாவரக் குறியீட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும்.

ஒப்பிடும் படங்கள் ஒரே பருவமாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் தை, மாசி மிகச் சிறந்தது. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு தை மாதப் படமும் ஒரு சித்திரைப் படமும் எடுத்து, இரண்டிலும் ஈரமாக உள்ளதை நிரந்தர நீர் என்றும், தையில் மட்டும் ஈரமாக உள்ளதைப் பருவச் சதுப்பு என்றும் தனி நிறத்தில் காட்டுங்கள். செயற்கைக்கோள் சென்னையைக் கடப்பது முற்பகலில். படத்தின் விவரக் கோப்பில் மணி, நிமிடம் இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் ஓத அட்டவணையுடன் அதை ஒத்துப்பார்த்து நீர்மட்டத்தைப் பக்கத்திலேயே குறித்துவிட்டால், கேள்வி கேட்பவருக்கு விடை தயார்.

கூகுள் எர்த் ப்ரோ இவற்றுக்கு அடுத்துத்தான் வருகிறது. இலவசம், மணிக்கூட்டுப் பொத்தானை அழுத்தினால் 2000-களின் தொடக்கத்திலிருந்து துல்லியமான படங்கள் கிடைக்கும், சாம்பல் குளக் கரை எந்த ஆண்டில் உயர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் ஒரு நாள் படத்துக்கும் இன்னொரு நாள் படத்துக்கும் இடையே பல மீட்டர் விலகல் உண்டு, எடுத்த நேரம் தெரியாது, வெகுதூரம் விலக்கிப் பார்த்தால் தெரியும் 1980-களின் படம் லேண்ட்சாட்தான். அதில் கண்ணால் பாருங்கள், கோட்டைக் கேஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள், பரப்பளவுக் கணக்கை வேறு இடத்தில் போடுங்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் ஈரநில அடுக்கு இருக்கிறது. அது 1:50,000 அளவில் நாடு முழுவதற்கும் செய்த வேலை. எண்ணூரில் ஈரநிலம் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டதற்குச் சான்றாக வைக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

காகிதத்தில் இருக்கும் சட்டம்

மேலே சொன்னவை இயற்கை எங்கே இருந்தது என்று சொல்பவை. சட்டத்துக்கு வேறு தாள்கள் வேண்டும். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் மாநிலச் சுற்றுச்சூழல் துறை வெளியிடுபவை: 2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின்படி 1:25,000 அளவில். 1991 அறிவிக்கையின் கீழ் 1996-ல் ஒப்புதல் பெற்ற முந்தைய வரைபடமும் தேவை. எண்ணூரில் பல ஆண்டுகளாக வாதாடப்படுவதே அந்தப் பழைய வரைபடத்துக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான். படிக்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் குறிப்பைப் பாருங்கள். ஓதம் ஏறி இறங்கும் பட்டை மண்டலம் 1பி, ஓத நீர்நிலை 4பி, அலையாத்தி 1ஏ. கழியின் ஓரத்தில் கட்டுப்பாட்டுப் பட்டை 2011-ல் 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019-ல் அந்த 100 என்பது 50 ஆனது. ஓதத்தின் எல்லையைத் தீர்மானிப்பது வறண்ட பருவத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு என்ற அளவு. இந்த விதி தெரியாமல் வரைபடத்தைப் பார்த்தால், ஆறு ஏன் ஓரிடத்தில் திடீரென்று நிறம் மாறுகிறது என்பது புரியாது.

நிலத்துக்கு யார் பெயர் என்பதற்குப் புல வரைபடமும் அ-பதிவேடும் (கிராமத்தின் நிலப் பதிவேடு). தமிழக அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் புல வரைபடம் பிடிஎஃப்பாக வந்துவிடுகிறது. சேவையாக இது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் வருவது 1979-87 நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய நிலை. அதற்கு முந்தைய கழிப் புறம்போக்கு, உப்பளப் புறம்போக்கு வகைப்பாட்டுக்குப் பழைய செட்டில்மென்ட் பதிவேடுதான் கதி. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சேப்பாக்கம் நில அளவை அலுவலகத்திலும் கேட்க வேண்டும். அட்டவணையில் திருவள்ளூர் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, அந்த மாவட்டம் பிறந்ததே 1997-ல். செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டம் என்று கேளுங்கள். கிராமத்தின் பெயரையும் பழைய எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிக்கொண்டு போவது நல்லது.

பழைய கிராம வரைபடம் 16 அங்குலத்துக்கு 1 மைல், அதாவது 1:3,960. 1 மில்லிமீட்டர் தரையில் 4 மீட்டர். சதுப்பின் ஓரத்தை வரப்பு வரப்பாகச் சொல்லும் ஒரே ஆவணம் இதுதான். அளவுகள் சங்கிலியிலும் லிங்க்கிலும் இருக்கும்: 1 சங்கிலி 66 அடி, 100 லிங்க்; 10 சதுரச் சங்கிலி 1 ஏக்கர். புல வரைபடத்தில் அட்ச, தீர்க்கம் எதுவும் கிடையாது. அதனால் முதலில் கிராம வரைபடத்தைப் பொருத்தி, அதன் மேல் புலங்களை உட்காரவையுங்கள். இங்கே ஸ்பிளைன் கூடாது, ஹெல்மெர்ட் முறையே சரி. அது திருப்பும், நகர்த்தும், அளவை மாற்றும், ஆனால் வடிவத்தைச் சிதைக்காது. அளந்து எழுதிய பக்க நீளங்களை இழுத்து வளைத்தால் அந்த ஆவணத்தின் மதிப்பே போய்விடும்.

கியூஜிஐஎஸ்

இத்தனையையும் சேர்க்கும் இடம் இந்த இலவச மென்பொருள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இந்த வேலைக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. இடம்பொருத்தும் கருவி அண்மைப் பதிப்புகளில் லேயர் பட்டியலில் இருக்கிறது. பழைய பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து ராஸ்டர் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சர்வே தாளுக்குப் பாலினோமியல் 1 போதும். குறைந்தது 3 புள்ளி என்று மென்பொருள் சொல்லும். 12-க்குக் குறையாமல் கொடுங்கள். பாலினோமியல் 3-ஐ, பிழை எண் சிறிதாக வருகிறதே என்று எடுக்காதீர்கள், தாளின் ஓரங்கள் சுருண்டுவிடும்.

பிழையை மென்பொருள் பிக்சல் கணக்கில் காட்டும், அதை மீட்டராக்க வேண்டும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வருடிய 1:50,000 தாளில் ஒரு பிக்சல் தரையில் 4.2 மீட்டர். பிழை 5 என்றால் 21 மீட்டர், ஏற்கலாம். 20 என்றால் 84 மீட்டர், ஏதோ ஒரு புள்ளி தவறு. தாளைக் கைபேசியில் படமெடுத்துப் பொருத்துவதும் நடக்கிறது; லென்ஸ் வளைவும் மடிப்பின் நிழலும் சேர்ந்து எவ்வளவு புள்ளி கொடுத்தாலும் சரிவராது. தட்டை வருடியில் 300 அல்லது 400 டிபிஐ, டிஃப் வடிவம். கொடுத்த புள்ளிகளின் கோப்பையும் வரைபடத்தோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள், நாளை வேறொருவர் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி. ஓரக் கோடு ஒவ்வொன்றின் பண்புப் பட்டியலிலும் மூலம், அளந்த நாள், நீர்மட்டம், பிழை மீட்டரில் என்று நான்கு கட்டங்களைக் கட்டாயமாக்குங்கள். பரப்பளவை யுடிஎம்மில் கணக்கிடுங்கள். கூகுள் வரைபடம் பயன்படுத்தும் மெர்காட்டர் முறையில் போட்டால் சென்னை அட்சத்தில் பரப்பு 5 சதவீதம் கூடுதலாக வரும்.

வரைந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க, இதே திட்டக் கோப்பைக் கைபேசியில் திறக்கும் கியூஃபீல்ட் செயலி போதும். திறந்த வெளியில் கைபேசி ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை சரியாக இருக்கும், பழைய தாளின் பிழையை விட அது எவ்வளவோ மேல். போக வேண்டியது அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, ஏற்றம் உச்சத்தில் இருக்கும் மணிக்கு. அதே இடத்துக்கு இறக்கத்திலும் ஒருமுறை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பத்து மீனவர்களிடமும், கையால் இறால் பிடிக்கும் இருளர்களிடமும் ஓடைகளின் பெயரைக் கேட்டு, நிற்கும் இடத்தின் புள்ளியோடு பதிவு செய்யுங்கள். சர்வே தாளில் பெயரில்லாமல் ஓடும் நீலக் கோடுகளுக்கு அவர்களிடம் பெயர் உண்டு. கொரோனா படத்தை பெரிய தாளில் அச்சிட்டுக் கொண்டுபோனால், கணினித் திரையைவிட வேகமாக அடையாளம் சொல்வார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொரு குப்பத்தில் சரிபார்த்த பிறகே வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒரே ஓடைக்குக் கரைக்கு ஒரு பெயர் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.